கார்னேஷன்: மொட்டு ஏன் வெடிக்கிறது, தண்டு ஏன் மெலிகிறது?

கார்னேஷன் வளர்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் நான்கு. வாங்கி வந்த செடி ஒரு சாண் உயரத்திலேயே பூத்துவிட்டது. பூச்செண்டில் பார்க்கும் நீளத் தண்டு ஏன் வரவில்லை? மொட்டு நன்றாகத்தான் பருத்து வந்தது. விரியும் நேரத்தில் பச்சை உறை ஒரு பக்கம் கிழிந்து இதழ்கள் ஏன் வெளியே சரிந்தன? நேற்று வரை செழிப்பாக இருந்த செடியில் ஒரு பக்கக் கிளைகள் மட்டும் ஏன் வெளிறுகின்றன? வெட்டி ஜாடியில் வைத்த பூ ஏன் மூன்றாம் நாளே உள்நோக்கிச் சுருண்டது?

இந்தக் கேள்விகள் எழும்போது பலரும் முதலில் கையில் எடுப்பது மருந்துத் தெளிப்பானைத்தான். ஆனால் பூவில் தெரியும் குறைகளில் பெரும்பாலானவை பூவில் தொடங்கியவை அல்ல. நட்ட ஆழம், நுனி கிள்ளிய நாள், மொட்டு கண்ணுக்குத் தெரியும் முன்பே கடந்துபோன குளிர் இரவுகள் ஆகியவை சில வாரங்களோ மாதங்களோ கழித்துப் பூவாக வெளிப்படுகின்றன. அதைப் புரிந்துகொள்ள, செடியின் அமைப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு கிளைக்கு ஒரு முடிவு

கார்னேஷனின் தாவரப் பெயர் டயாந்தஸ் கேரியோஃபில்லஸ். 'டயாந்தஸ்' என்றால் கிரேக்கத்தில் தெய்வ மலர் என்று பொருள். மத்தியதரைக் கடல் பகுதியைச் சேர்ந்த இந்தச் செடியின் காட்டு வடிவத்தில் ஐந்தே இதழ்கள்தான் உண்டு. தோட்டத்தில் நாம் பார்க்கும் அடுக்கு வடிவத்தில் நாற்பது, ஐம்பது, அதற்கு மேலும் இருக்கும்.

தண்டைக் கையில் பிடித்துப் பார்த்தால் முழங்கை மூட்டு போல வீங்கிய கணுக்கள் தெரியும். ஒவ்வொரு கணுவிலும் எதிரெதிராக இரண்டு இலைகள். அவற்றின் மேல் சாம்பல் பூத்த மெழுகுப் படலம் இருக்கும். விரலால் தேய்த்தால் அது நீங்கி அடியில் பளிச்சென்ற பச்சை தெரியும். ஒவ்வொரு இலைக்கக்கத்திலும் ஒரு பக்கக் கிளை உறங்குகிறது.

மொத்த வளர்ப்பு முறையும் ஒரே விதியின் மேல் நிற்கிறது. ஒவ்வொரு கிளையும் சில இலை ஜோடிகளை விட்டபின், தன் நுனியை மொட்டாக்கி முடித்துக்கொள்ளும். அதன்பின் அந்தக் கிளை நீளாது. அடுத்த பூ வேண்டுமானால் கீழேயுள்ள கணுவிலிருந்து புதுக் கிளை எழ வேண்டும். ஆகவே இந்தச் செடியில் பூவை எண்ணுவதும் கிளையை எண்ணுவதும் ஒன்றே. எத்தனை கிளைகள், எந்தப் பருவத்தில், எவ்வளவு வெளிச்சத்தில் வளர்ந்தன என்பதே எத்தனை பூக்கள், எப்போது, எந்தத் தரத்தில் என்பதைச் சொல்லிவிடும்.

பெயர் ஒன்று, செடி வேறு வேறு

முதல் கேள்விக்கான விடை இங்கேயே இருக்கிறது. கார்னேஷன் என்ற பெயரில் கிடைப்பவை குறைந்தது மூன்று வகை.

1. விதையிலிருந்து வளர்ப்பவை. ஷபோ, கிரெனடின், மார்கரிட் முதலியவை இதில் அடங்கும். ஷபோ வகை விதைத்து ஐந்தாறு மாதத்தில் பூக்கும். பல நிறங்கள் கலந்து வரும், சில செடிகளில் ஒற்றை அடுக்குப் பூ வரும். பாத்திக்கும் தொட்டிக்கும் மிக ஏற்றவை.

2. பாத்தி ஓரக் கார்னேஷன். பல ஆண்டு வாழும், ஆண்டுக்கு ஒரு பருவம் பூக்கும், குளிரைத் தாங்கும். இதன் நுனியைக் கிள்ளக் கூடாது, தானாகவே கிளைக்கும்.

3. தொடர்பூப்புக் கார்னேஷன். கொய்மலராக, அதாவது தண்டோடு வெட்டி விற்கும் பூவாக, வருவதெல்லாம் இதுதான். 19ஆம் நூற்றாண்டில் பிரான்சின் லியோன் நகரத்தில் உருவான தொடர்பூப்பு வகைகளிலிருந்து இந்த வரிசை தொடங்கியது. 1930களின் இறுதியில் அமெரிக்காவில் வில்லியம் சிம் உருவாக்கிய சிவப்பு ரகமும், அதிலிருந்து இயல்பான மாற்றமாகக் கிடைத்த வெள்ளை, இளஞ்சிவப்பு, வரிப்பூ ரகங்களும் பல பத்தாண்டுகள் உலகப் பசுமைக்குடில்களை ஆண்டன.

மூன்றாம் வகையிலும் இரு வழிகள் உண்டு. தண்டுக்கு ஒரே பெரிய பூ விட்டால் அது ஒற்றைப்பூ வகை. ஒரே தண்டில் நான்கைந்து சிறு பூக்கள் விட்டால் கொத்துப்பூ வகை, சந்தைப் பேச்சில் 'ஸ்ப்ரே'.

தொட்டிக்கென்று உருவாக்கிய குட்டை ரகத்துக்கு எவ்வளவு உரம் போட்டாலும் 70 செ.மீ. தண்டு வராது. அது உரக்குறை அல்ல, மரபு. நீளத் தண்டு வேண்டுமென்றால் வாங்கும்போதே கொய்மலர் ரகம் என்று கேட்டு வாங்க வேண்டும்.

நீல நிறம் தேடுபவர்களுக்கும் ஒரு சொல். கார்னேஷனுக்கு டெல்ஃபினிடின் என்ற நீல நிறமியை உருவாக்கும் திறன் இயற்கையில் இல்லை. 1990களின் நடுவில் பெட்டூனியாவின் மரபணுவைச் சேர்த்து உருவாக்கிய ஊதா ரகங்கள் விற்பனைக்கு வந்தன. 'அசல் நீல கார்னேஷன் விதை' என்று சிறு உறைகளில் வருவதை நம்ப வேண்டாம்.

குளிர்ந்த இரவு, வெளிச்சமான பகல்

கார்னேஷன் வெயிலை விரும்பும், வெப்பத்தை விரும்பாது. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் வரும் தோல்விகள் ஏராளம்.

இரவில் 10 முதல் 15 டிகிரி செல்சியஸ், பகலில் 18 முதல் 24 டிகிரி அதற்கு உகந்தது. இரவில் செடி சுவாசத்துக்காகச் சர்க்கரையைச் செலவிடும்; வெப்பம் கூடக் கூடச் செலவு கூடும். 25 டிகிரிக்கு மேல் நாள் கணக்கில் நீடித்தால் பகலில் சேர்த்ததெல்லாம் இரவில் கரைந்து, தண்டு மெலிந்து, பூ சிறுத்து, நிறம் வெளிறும். இதற்குப் பரிகாரமாக நிழல்வலையை நெருக்கிக் கட்டினால் வெளிச்சமும் போய்விடும். தண்டு இன்னும் மெலியும். காற்றோட்டம், உயரமான கூரை, நடுப்பகலில் மட்டும் இழுத்து மூடும் மெல்லிய நிழல்வலை ஆகியவையே சரியான வழி.

பகல் நீளமும் கணக்கில் வரும். நீண்ட பகலில் குறைவான இலை ஜோடிகளோடு சீக்கிரம் மொட்டு வரும். குறுகிய பகலில் செடி மேலும் சில கணுக்களை விட்டபிறகே மொட்டெடுக்கும். பகல் குறுகிய பருவத்தில் பூப்பு தள்ளிப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மண்ணும் மேட்டுப்பாத்தியும்

கார்னேஷன் வேருக்கு ஈரம் வேண்டும், தேங்கிய நீர் கூடாது. பாத்தி 90 முதல் 100 செ.மீ. அகலம், 20 முதல் 30 செ.மீ. உயரம், நடுவே 45 முதல் 50 செ.மீ. நடைபாதை என்ற அளவு கைக்கு வசதி. பாத்தியின் நடுச்செடியை இரு பக்கத்திலிருந்தும் எட்டிப் பறிக்க முடிய வேண்டும் என்பதுதான் அந்த அகலத்துக்குக் காரணம்.

களிமண் பாங்கான இடத்தில் மக்கிய எருவும் தென்னை நார்க்கழிவும் மணலும் கலந்து இளக்க வேண்டும். நார்க்கழிவை முதலில் நன்னீரில் பலமுறை அலசி உப்பை நீக்கிய பிறகே கலக்க வேண்டும். மண்ணின் கார அமில நிலை 6.0 முதல் 6.8 வரை இருக்கட்டும். அதற்குக் கீழே போனால் வாடல் பூஞ்சைக்குச் சாதகம். மேலே போனால் போரானும் இரும்பும் கிடைக்காமல் போகும்.

முன்பு கார்னேஷன் இருந்த பாத்தி என்றால் மண்ணைச் சுத்திகரிக்காமல் நடவே வேண்டாம். நீராவி கிடைத்தால் மண் 70 டிகிரியில் அரை மணி நேரம் நிற்க வேண்டும். இல்லையென்றால் கடும் வெயில் காலத்தில் மண்ணை நனைத்து, ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளை ஓரம் புதைத்துப் பரப்பி, நான்கு முதல் ஆறு வாரம் விட வேண்டும்.

தண்டுத் துண்டும் நடவும்

விதை ரகங்களை 3 முதல் 5 மி.மீ. ஆழத்தில் விதைத்தால் 15 முதல் 20 டிகிரியில் ஏழு முதல் பத்து நாளில் முளைக்கும். கொய்மலர் ரகங்கள் விதையில் மாறிவிடும் என்பதால் அவற்றைத் தண்டுத் துண்டிலிருந்தே பெருக்குகிறார்கள்.

1. நோயற்ற தாய்ச்செடியில், இன்னும் மொட்டெடுக்காத பக்கக் கிளையின் நுனியில் 10 முதல் 15 செ.மீ. துண்டை எடுக்க வேண்டும். நான்கைந்து இலை ஜோடிகள் இருக்கும். கத்தியைவிடக் கையால் ஒடிப்பது நல்லது. கத்தி நோயை ஒரு செடியிலிருந்து மறுசெடிக்குக் கடத்தும்.

2. அடி இலைகளை நீக்கி, அடிமுனையை ஐ.பி.ஏ. என்ற வேர் ஊக்கியில் 500 முதல் 1000 பி.பி.எம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவு) செறிவில் நொடிப்பொழுது தோய்க்க வேண்டும்.

3. பெர்லைட் என்ற இலேசான எரிமலைப் பாறைத் துகளும் நார்க்கழிவும் கலந்த தட்டில் 2 செ.மீ. ஆழத்தில் செருக வேண்டும். தட்டின் அடிச்சூடு 21 டிகிரி அளவிலும், இலைமட்டம் பனிப்புகைத் தெளிப்பில் ஈரமாகவும் இருக்க வேண்டும்.

4. மூன்று முதல் நான்கு வாரத்தில் 2 செ.மீ. வெள்ளை வேர் வந்துவிடும். அதற்கு மேல் தட்டிலேயே விட்டால் துண்டு முதிர்ந்து, நட்டபின் கிளைக்க மறுக்கும்.

பாத்தி ஓரக் கார்னேஷனுக்கு இத்தனை ஏற்பாடு வேண்டாம். பூத்து ஓய்ந்ததும் பூக்காத பக்கக் கிளையொன்றின் கணுவின் அடியில் சாய்வாகக் கீறி, கீறலைத் திறந்தபடி மண்ணில் பதித்துக் கம்பியால் ஊன்றினால் ஐந்தாறு வாரத்தில் பதியன் தயார்.

நடும்போது நடக்கும் தவறு ஒன்றே ஒன்று: ஆழம். மற்ற செடிகளுக்குத் தண்டைக் கொஞ்சம் புதைத்து மண் அணைப்பது கைப்பழக்கம். கார்னேஷனுக்கு அதுவே எமன். வேருருண்டையின் மேல்முகம் பாத்தி மட்டத்துக்குச் சற்று மேலே தெரிய வேண்டும். செடி முதல் நாள் சாய்ந்து நின்றாலும் பரவாயில்லை. வேர் பிடித்ததும் நிமிரும். புதைந்த தண்டின் தோல் ஈரத்திலேயே இருப்பதால் ரைசோக்டோனியா பூஞ்சை அங்கே எளிதில் நுழையும்.

இடைவெளி 15க்கு 15 செ.மீ. அல்லது 15க்கு 20 செ.மீ. முதல் இரண்டு மூன்று வாரம் மேலிருந்து மென்மையாக நீர் தெளித்து, சிறிது நிழல் கொடுத்து, பிறகு முழுக்கச் சொட்டுநீருக்கு மாற வேண்டும்.

நுனி கிள்ளல்

கிள்ளாமல் விட்ட செடி ஒரு தண்டை நேரே ஏற்றி ஒரு பூவைக் கொடுத்துவிட்டு, பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிளைக்கும். நுனியை நீக்கினால் மேலிருந்து கீழே இறங்கும் ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருள் நின்று, கக்கங்களில் உறங்கும் கிளைகள் ஒருசேர எழும்.

நட்ட மூன்று நான்கு வாரத்தில் எட்டு ஒன்பது இலை ஜோடிகள் வந்திருக்கும். கீழிருந்து ஆறாம் கணு வரை விட்டு அதற்கு மேல் ஒடிக்க வேண்டும். காலையில், செடி நீர் நிரம்பி விறைப்பாக இருக்கும் நேரத்தில், ஒரு கையால் கணுவைப் பிடித்து மறுகையால் நுனியைப் பக்கவாட்டில் மடக்கினால் 'டக்'கென்று முறியும். வளைந்து நாராகக் கிழிந்தால் செடிக்குத் தாகம் என்று பொருள். நீர் கொடுத்துவிட்டு மறுநாள் கிள்ளலாம்.

எப்படிக் கிள்ளுகிறோம் என்பதே பூ வரும் காலத்தை வகுக்கிறது.

1. ஒற்றைக் கிள்ளல். முதன்மைத் தண்டை மட்டும் கிள்ளுவது. நான்கு முதல் ஆறு கிளைகள் ஏறக்குறைய ஒரே காலத்தில் பூக்கும். குறித்த ஒரு நாளுக்கு மொத்தமாகப் பூ வேண்டுமானால் இதுவே வழி. அதன்பின் நீண்ட இடைவெளி விழும்.

2. ஒன்றரைக் கிள்ளல். முதலில் எழுந்த கிளைகளில் பாதியை மட்டும், அவை 5 முதல் 6 செ.மீ. வளர்ந்ததும் மறுபடி கிள்ளுவது. கிள்ளாத பாதி முதலில் பூக்கும், மற்றது பின்னால் வரும். வீட்டுத் தோட்டத்துக்கும் சிறு பண்ணைக்கும் இதைவிட நல்ல முறை இல்லை.

3. இரட்டைக் கிள்ளல். எல்லாக் கிளைகளையும் மறுபடி கிள்ளுவது. பூ எண்ணிக்கை கூடும், காலம் தள்ளிப்போகும். ஆனால் ஒரே வேரில் பத்துக்கு மேல் தண்டுகள் நிற்பதால் வெளிச்சம் குறைந்த பருவத்தில் ஒவ்வொன்றும் ஈர்க்குச்சியாகும். மெலிந்த தண்டு பற்றிய புகார்களில் கணிசமானவை இப்படி அளவுக்கு மீறிக் கிள்ளியதால் வருபவை.

கிள்ளியதிலிருந்து பூ வரை நல்ல வெளிச்சத்தில் சுமார் நான்கு மாதம், இருண்ட குளிர்ப்பருவத்தில் ஆறு மாதம் வரை ஆகலாம். வேண்டிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணியே கிள்ளும் தேதியைக் குறிக்க வேண்டும்.

வலையும் மொட்டு நீக்கமும்

தண்டு எழத் தொடங்கும் முன்பே, அதைத் தாங்கிப் பிடிக்கும் வலையைப் பாத்தியின் மேல் கிடையாகக் கட்ட வேண்டும். முதல் அடுக்கு பாத்தியிலிருந்து 15 செ.மீ. உயரத்தில், அடுத்தடுத்தவை 20 செ.மீ. இடைவெளியில், மொத்தம் நான்கைந்து அடுக்கு. கீழ்வலையின் கண் 7.5 செ.மீ., மேலே போகப் போக 12.5, 15 செ.மீ. வாரம் ஒருமுறை தண்டுகளைக் கண்ணுக்குள் நுழைத்துவிட வேண்டும். ஒரு வாரம் தவறி வெளியே சாய்ந்த தண்டின் நுனி வெளிச்சம் நோக்கி நிமிர்ந்து வளையும். அந்த வளைவு பிறகு நேராகாது.

ஒற்றைப்பூ வகையில் நுனி மொட்டை மட்டும் வைத்துக்கொண்டு, அதன் கீழுள்ள ஆறு கணு வரையிலான பக்க மொட்டுகளைப் பட்டாணி அளவு வந்ததும் நீக்க வேண்டும். முன்னதாகச் செய்தால் இலையும் தண்டும் காயப்படும். தாமதித்தால் சத்து வீணாவதோடு தண்டில் தழும்பும் விழும். கொத்துப்பூ வகையில் இதற்கு நேர்மாறு: நுனி மொட்டு நிறம் காட்டும் நேரத்தில் அதைக் கிள்ளிவிட்டு, பக்க மொட்டுகளை விட வேண்டும்.

உரம்: இரண்டு உப்புகளும் போரானும்

மணிச்சத்தை (பாஸ்பரஸ்) அடியுரமாகவே மண்ணில் கலந்துவிட்டால், பிறகு நீரோடு கொடுக்க வேண்டியவை முக்கியமாகத் தழைச்சத்து (நைட்ரஜன்), சாம்பல்சத்து (பொட்டாசியம்), கால்சியம். 1000 லிட்டர் நீரில் 600 கிராம் கால்சியம் நைட்ரேட்டும் 400 கிராம் பொட்டாசியம் நைட்ரேட்டும் கரைத்தால், சுமார் 145 பி.பி.எம் நைட்ரஜனும் 150 பி.பி.எம் பொட்டாசியமும் 115 பி.பி.எம் கால்சியமும் கிடைக்கும். வளரும் செடிக்கு இது நல்ல சமநிலை. மக்னீசியம் சல்பேட்டை அடர்கரைசலில் இதே தொட்டியில் போடக் கூடாது. கால்சியத்தோடு சேர்ந்து ஜிப்சமாகப் படிந்து சொட்டுவாய்களை அடைக்கும்.

யூரியா, அம்மோனியம் உப்புகள் மலிவு என்பதற்காக அவற்றையே நம்பினால் தழை செழிக்கும், தண்டு மென்மையாகும், வாடல் நோயும் எளிதாகப் பிடிக்கும்.

போரான் குறைந்தால் கார்னேஷன் அதைத் தெளிவாகவே காட்டும்: மேல் கணுக்களில் துடைப்பம் போலச் சிறு கிளைகள் கூட்டமாக எழும், மொட்டுகள் கருகும், விரியும் மொட்டுகள் வெடிக்கும். 1000 லிட்டர் உரநீரில் 3 கிராம் போராக்ஸ் சேர்த்தால் சுமார் 0.33 பி.பி.எம் போரான் கிடைக்கும். கைப்பிடியால் அள்ளிப் போடும் பொருள் அல்ல இது. சற்று மிகுந்தாலும் இலை ஓரம் கருகும்.

புல்லி வெடிப்பு

மொட்டைச் சூழ்ந்திருக்கும் பச்சைக் குழலின் பெயர் புல்லிவட்டம். ஐந்து புல்லிகள் ஒட்டி உருவான அந்தக் குழலின் வாயில் ஐந்து பற்கள் தெரியும். அதன் கொள்ளளவு ஓர் எல்லைக்குட்பட்டது. வெடிக்கும் நிலையிலுள்ள மொட்டை உற்றுப் பார்த்தால், இரு பற்களுக்கு நடுவே ஒட்டுக்கோடு மெல்ல வெளிறி, மேலிருந்து கீழாகக் கீறல் இறங்குவது தெரியும். பிறகு இதழ்கள் அந்தப் பக்கமாகவே சரிந்து, பூ ஒருபுறம் தொங்கும். வெடித்த மொட்டைக் கிழித்துப் பார்த்தால், நடுவில் ஒன்றுக்குப் பதில் இரண்டு மூன்று இதழ்க் குவியல்கள், பூவுக்குள் பூ போல, நெருக்கிக்கொண்டிருப்பதைக் காணலாம்.

இதற்கு வழிவகுப்பவை:

1. மொட்டு மிகச் சிறிதாக இருக்கையில் இரவு வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போனால் இதழ்களின் எண்ணிக்கை கூடும். குழல் அதற்கேற்பப் பெருக்காது.

2. பகலுக்கும் இரவுக்கும் வெப்ப வேறுபாடு 8 டிகிரிக்கு மேல் போவது. குளிரில் மெதுவாக வளர்ந்து வளர்ச்சியை முடித்துவிட்ட குழலுக்குள், திடீர் வெப்பத்தில் இதழ்கள் வேகமாகப் பெருக்கின்றன. பீப்பாய்க்குள் மாவு உப்புவது போலத்தான்.

3. போரான் குறைவு, சமச்சீரற்ற தழைச்சத்து, காய்ந்த மண்ணில் திடீரென்று பெருநீர் பாய்ச்சுவது.

4. ரகம். மிகுந்த இதழடுக்கு உள்ள ரகங்கள் எளிதில் வெடிக்கும். எல்லாப் பரிகாரத்தையும்விட வெடிக்காத ரகத்தைத் தேர்வது மேல்.

நிறம் காட்டத் தொடங்கிய மொட்டின் நடுப்பகுதியில் 6 மி.மீ. அகலத் தெளிந்த நாடாவையோ சிறு ரப்பர் வளையத்தையோ இட்டால் அந்த மொட்டு தப்பும். ஆனால் வரிசையாக மொட்டுகள் வெடிக்கின்றன என்றால், சில வாரங்களுக்கு முந்தைய வெப்பமானிப் பதிவை எடுத்துப் பார்ப்பதுதான் உண்மையான சிகிச்சை. குடிலின் பக்கத்திரையை மாலையில் சற்று முன்னதாக இறக்குவதும், காலையில் வெயில் ஏறும் முன்பே திறப்பதும் வேறுபாட்டைக் குறைக்கும்.

வாடும் செடியைப் பிளந்து பாருங்கள்

வாட்டத்துக்கு இரு பெரும் காரணங்கள். மேலுக்கு ஒன்றாகத் தோன்றினாலும் வைத்தியம் வேறு. ஒரு செடியைப் பலிகொடுத்துத் தண்டை நீளவாக்கில் பிளப்பதே சோதனை.

ஃபியூசேரியம் என்ற பூஞ்சை தரும் வாடலில் ஒரு பக்கக் கிளைகள் முதலில் வெளிறும், நுனி அந்தப் பக்கமாக வளையும். பிளந்தால் நீர்க்குழாய் ஓடும் இடத்தில் பழுப்புக் கோடு தெரியும். அடிவேர் தொடக்கத்தில் நன்றாகவே இருக்கும். மண் 25 டிகிரிக்கு மேல் சூடாகும் பருவத்தில் இது பாயும். பிடித்த செடியைக் காப்பாற்றும் மருந்து கிடையாது. மண்ணோடு தோண்டி, பையில் கட்டி, பாத்திக்கு வெளியே கொண்டுபோய் எரிக்க வேண்டும். இதன் வித்துகள் மண்ணில் பல ஆண்டு உயிரோடிருக்கும். அடுத்த நடவுக்கு எதிர்ப்புத்திறன் உள்ள ரகமும் சுத்திகரித்த மண்ணுமே காப்பு.

ரைசோக்டோனியா தண்டழுகலில் முழுச் செடியும் ஒருசேர வாடும். மெல்ல இழுத்தாலே மண்மட்டத்தில் ஒடிந்து கையோடு வரும். வெளித்தோல் பழுப்பாகி அழுகியிருக்கும், பூஞ்சை இழையில் மண்துகள் ஒட்டியிருக்கும். இங்கே குற்றவாளி பெரும்பாலும் ஆழ நடவும் தண்டடியில் தேங்கும் ஈரமும். தண்டைச் சுற்றிய மண்ணை விலக்கி, மேல்நீரை நிறுத்தி, சொட்டுவாயைச் சற்றுத் தள்ளி வைத்தால் மற்ற செடிகள் தப்பும்.

இலையில் நீர் நின்றால் துருநோயும் ஆல்டர்னேரியா இலைப்புள்ளியும் வரும். வறண்ட சூட்டில் செஞ்சிலந்தி வரும். இலையின் அடியில் நுண்வலையும் மேலே ஊசிக்குத்துப் புள்ளிகளும் அதன் அடையாளம். இலைப்பேன் இதழ் ஓரத்தில் வெள்ளைக் கீற்று இடும். அடர்நிறப் பூவில் இது பளிச்சென்று தெரியும். மொட்டில் வட்டத் துளை கண்டால் காய்ப்புழு உள்ளே இருக்கிறது. அந்த மொட்டைப் பறித்து அழிப்பதே விரைவான வழி.

வெட்டும் பதம்

தொலைதூரத்துக்கு அனுப்ப, இதழ்கள் குழலுக்கு வெளியே தூரிகை முனை போல நீண்ட நிலையில் வெட்ட வேண்டும். அருகிலேயே பயன்படுத்த, வெளியிதழ்கள் தண்டுக்குச் செங்குத்தாக விரிந்தபின் வெட்டலாம். கொத்துப்பூ என்றால் இரண்டு பூ விரிந்து மற்றவை நிறம் காட்ட வேண்டும்.

வெட்டும் இடம் இரு காரணத்தால் முக்கியம். அடியில் நான்கைந்து கணுக்களை விட்டால்தான் அடுத்த சுற்றுக் கிளைகள் எழும். நீளத்துக்கு ஆசைப்பட்டுத் தாழ வெட்டினால் அடுத்த பருவப் பூவையும் சேர்த்து வெட்டியதாகும். இரண்டாவது, கணுவின் மேலேயே வெட்டினால் கடினத் திசு நீரை இழுக்காது. இரு கணுக்களுக்கு நடுவே வெட்ட வேண்டும். வெட்டியதும் நீரில் நிறுத்தி, 0 முதல் 2 டிகிரி குளிருக்குக் கொண்டுபோக வேண்டும். மொட்டுப் பதத்தில் வெட்டியதை 0 முதல் 1 டிகிரியில் உலர்வாகப் பொதிந்து இரண்டு முதல் நான்கு வாரம்கூட வைக்கலாம்.

உறங்கும் பூ

விரிந்த பூ வாடிக் காயாமல், இதழ்கள் உள்நோக்கிச் சுருண்டு மூடிக்கொள்வதை வளர்ப்பவர்கள் 'உறக்கம்' என்பார்கள். சிகாகோ பசுமைக்குடில்களில் விளக்கு எரிவாயுக் கசிவால் நேர்ந்த இந்த இழப்பை ஆய்வாளர்கள் வில்லியம் க்ராக்கரும் லீ நைட்டும் ஆராய்ந்து 1908இல் வெளியிட்டார்கள். எரிவாயுவிலிருந்த எத்திலீன் என்ற வாயுதான் காரணம். காற்றில் இருபது லட்சத்தில் ஒரு பங்கு, 12 மணி நேரம் இருந்தாலே விரிந்த பூ மூடிக்கொள்ளும் என்று கண்டார்கள்.

எத்திலீன் பழுக்கும் பழத்திலிருந்தும் வரும், வாகனப் புகையிலிருந்தும் வரும், அழுகும் இலையிலிருந்தும் வரும். பூவும் அதை உண்டாக்கும்: முதுமையில் சூலகம் எத்திலீனை வெளியிட, அது இதழ்களைத் தூண்டி, இதழ்கள் மேலும் எத்திலீன் உண்டாக்கும்.

இந்தச் சங்கிலியை அறுப்பது வெள்ளி தயோசல்பேட். எத்திலீன் பற்றும் இடத்தை வெள்ளி அயனி செயலிழக்கச் செய்கிறது. தயாரிக்கும் முறை:

1. அரை லிட்டர் வாலைவடிநீரில் 1 கிராம் சோடியம் தயோசல்பேட், இன்னொரு அரை லிட்டரில் 0.17 கிராம் வெள்ளி நைட்ரேட், தனித்தனியே கரைக்க வேண்டும். குழாய்நீரில் குளோரைடு இருப்பதால் வெள்ளி படிந்துவிடும்.

2. வெள்ளிக் கரைசலை தயோசல்பேட்டுக்குள் மெதுவாகக் கலக்கியபடி ஊற்ற வேண்டும். மாற்றி ஊற்றினால் கருத்த படிவு விழும். பிளாஸ்டிக் அல்லது கண்ணாடிப் பாத்திரமே ஆகும்.

3. வெட்டிய தண்டுகளை அறை வெப்பத்தில் சுமார் 2 மணி நேரம் இதில் நிறுத்தி, பிறகு நன்னீருக்கு மாற்ற வேண்டும். பூ ஜாடியில் தாங்கும் நாள் ஏறக்குறைய இரு மடங்காகும்.

கையுறை கட்டாயம். மிஞ்சிய கரைசலைச் சாக்கடையில் கொட்டக் கூடாது. வெள்ளி நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. இதைத் தவிர்க்க விரும்பும் பெரிய பண்ணைகள் 1-எம்.சி.பி. என்ற வாயுவைக் காற்றுப்புகா அறையில் செலுத்துகின்றன.

வீட்டு ஜாடிக்கு இவை வேண்டாம். நீரில் மூழ்கும் இலைகளை நீக்கி, இரண்டு நாளுக்கு ஒருமுறை நீரை மாற்றி, தண்டின் அடியை ஒரு செ.மீ. புதிதாக வெட்டிவிட வேண்டும். பழத்தட்டுக்குப் பக்கத்தில் ஜாடியை வைக்கக் கூடாது. கொத்தில் ஒரு பூ சுருளத் தொடங்கினால் அன்றே அதை உருவி எடுத்துவிட வேண்டும். அது வெளியிடும் எத்திலீன் அடுத்திருக்கும் பூக்களையும் சுருள வைக்கும்.